அல்நிகோ 2 என்று விற்ற ஹம்பக்கருக்குள் செராமிக் காந்தம்: மாற்றித் தரவோ பணத்தைத் திருப்பித் தரவோ கோரிப் புகார்

பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

மதிப்பிற்குரிய மேலாளருக்கு,

வணக்கம். உங்கள் கடையில் 265 வெள்ளி கொடுத்து நான் வாங்கிய நெக் ஹம்பக்கர் பிக்கப் (கிட்டாரின் கழுத்துப் பக்கம் நின்று, கம்பிகளின் அதிர்வை மின்சைகையாக்கும் இரட்டைச் சுருள்) பற்றி எழுதுகிறேன். என் கிட்டாரில் அதைப் பொருத்திக் கொடுத்ததும் உங்கள் டெக்னீசியன்தான். பெட்டியில் அல்நிகோ 2 காந்தம், 7.6 கிலோ ஓம் மின்தடை, 1950களின் பாணியில் சுருளின் கம்பிச் சுற்று என்று அச்சிட்டிருக்கிறது. உள்ளே இருப்பதோ செராமிக் காந்தம், 14 கிலோ ஓமுக்கு மேல். இதைக் கவுண்டரிலும் சொன்னேன், வாட்ஸ்அப்பிலும் சொன்னேன். "டோன் அவரவர் காதைப் பொறுத்தது அண்ணே" என்று பதில் வந்தது. சரி, எழுத்திலேயே கேட்டுவிடலாம் என்று உட்கார்ந்தேன். தமிழில் பேசித்தான் விற்றீர்கள், கடிதமும் தமிழிலேயே இருக்கட்டும்.

நான் எதற்காக இந்த பிக்கப்பைத் தேடினேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். சமூக மன்றங்களில் பொங்கல், தீபாவளி நிகழ்ச்சிகளுக்கு வாசிக்கும் சிறிய இன்னிசைக் குழுவில் நான் கிட்டார். பாட்டுக்கு நடுவே வரும் குழல், வயலின் பகுதிகளைப் பெரும்பாலும் என்னிடம்தான் தள்ளிவிடுவார்கள். அதற்குக் கிளீன் டோன், அதாவது கரகரப்பில்லாத ஒலி, வேண்டும். மோகனத்தில் ரி-யிலிருந்து க-வுக்குக் கம்பியை இழுத்து ஏறும்போது வழியெல்லாம் காதில் விழ வேண்டும். மென்மையாக மீட்டினால் மென்மையாகவும், அழுத்தினால் அழுத்தமாகவும் வர வேண்டும். சுற்று குறைவாக உள்ள, அல்நிகோ 2 போட்ட நெக் பிக்கப் இதற்குப் பொருத்தமாக இருக்கும். உங்கள் வலைப்பக்கத்தில் நான்கு பிக்கப்களை ஒப்பிட்டு ஒலிப்பதிவு போட்டிருக்கிறீர்கள் அல்லவா, அதில் 'வின்டேஜ்' என்ற பதிவைக் கேட்டுத்தான் வாங்க வந்தேன். அது நல்ல டோன், அதில் எனக்கு மறுப்பே இல்லை. அது என் கிட்டாரில் இல்லை என்பதுதான் புகார்.

வீட்டுக்கு வந்து ஆம்பில் செருகியதுமே சந்தேகம் வந்துவிட்டது. விரல் நுனியால் மெல்ல மீட்டினாலும் கரகரப்பு. தடித்த கம்பிகளில் ஒரு கார்டு பிடித்தால் எல்லாச் சுரமும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு மந்தமாக வருகிறது. சிம் லிம் டவரில் வாங்கிய மல்டிமீட்டர் கையில் இருந்தது. கேபிளைக் கிட்டாரில் செருகி, வால்யூமை முழுக்கத் திறந்து, மறுமுனையில் அளந்தேன்: 13.8 கிலோ ஓம். வால்யூம் பாட் (வால்யூம் திருகின் மின்தடை) 500 கிலோ ஓம், அது பிக்கப்புக்கு இணையாக நிற்பதால் அளவு சற்றுக் குறைத்தே காட்டும். கணக்குப் போட்டால் பிக்கப்பின் மின்தடை சுமார் 14.2. பெட்டியில் உள்ள எண்ணைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு.

இதற்கு நீங்கள் அனுப்பிய விளக்கம், சிங்கப்பூர் வெயிலில் மின்தடை கூடும் என்பது. கூடும், உண்மைதான். சுருளில் உள்ள செம்புக் கம்பியில் ஒரு டிகிரி செல்சியசுக்குச் சுமார் 0.4 சதவீதம். பத்து டிகிரி ஏறினாலும் 7.6 என்பது 7.9 ஆகும். 14 ஆக வேண்டுமென்றால் வெப்பம் 200 டிகிரிக்கு மேல் ஏற வேண்டும். அந்தச் சூட்டில் பிக்கப்புக்குள் ஊற்றிய மெழுகு எப்போதோ உருகி ஓடியிருக்கும், கிட்டாரை நானும் தொட்டிருக்க மாட்டேன்.

மின்தடையை மட்டும் வைத்து டோனைத் தீர்மானிக்க முடியாது என்பதும் எனக்குத் தெரியும். 42 கேஜ் கம்பிக்குப் பதிலாக அதைவிட மெல்லிய 43 கேஜ் கம்பியைச் சுற்றினால், அதே எண்ணிக்கைச் சுற்றுக்கும் மின்தடை கூடுதலாகவே காட்டும். அதனால் எண்ணை மட்டும் நம்பாமல் பிக்கப்பையே பார்த்தேன். பிக்கப்பைத் தாங்கும் சட்டத்தின் நான்கு திருகுகளைக் கழற்றினால் போதும், பற்றவைத்ததைத் தொடாமலேயே அதை வெளியே எடுத்துத் திருப்பலாம். இரண்டு காயிலுக்கும் (சுருளுக்கும்) அடியில், அடித்தகட்டுக்கு மேலே, காந்தத்தின் ஓரம் தெரிகிறது. அல்நிகோ என்பது அலுமினியம், நிக்கல், கோபால்ட் சேர்ந்த உலோகக் கலவை, டார்ச் அடித்தால் எஃகுபோல மின்னும். இது மின்னவில்லை. கரும்பலகை நிறத்தில், ஒரு மூலை பொடிந்த, பளபளப்பே இல்லாத கட்டி. செராமிக் காந்தம் பார்க்க இப்படித்தான் இருக்கும். இன்னொன்றும் கண்ணில் பட்டது. உங்கள் பக்கத்தில் உள்ள படத்தில் பழைய பாணியில் பின்னிய உலோக உறை போட்ட வயர். என் கிட்டாருக்குள் இருப்பது பிளாஸ்டிக் உறைக்குள் நான்கு நிற வயர்கள். அதில் சிவப்பையும் வெள்ளையையும் ஒன்றாகப் பற்றவைத்து டேப் சுற்றியிருக்கிறார் உங்கள் டெக்னீசியன். படத்தில் உள்ள பொருளில் அந்த வேலைக்கே இடமில்லை. அப்படியென்றால் பொருத்தும்போதே அவருக்குத் தெரிந்திருக்க வேண்டாமா?

பிராஸ் பாசா காம்ப்ளெக்சில் வேறொரு டெக்னீசியனிடம் காட்டினேன். பார்த்தவுடன் செராமிக் என்றார். அவர் எழுதிக் கொடுத்த சீட்டின் நகலை இணைத்திருக்கிறேன்.

வால்யூமைக் குறைத்துக்கொள்ளுங்கள், அல்லது பிக்கப்பைக் கீழே இறக்குங்கள் என்றும் யோசனை சொன்னீர்கள். இரண்டையும் செய்தேன். இறக்கினால் சத்தம் குறைகிறது, கரகரப்பும் கொஞ்சம் அடங்குகிறது, ஆனால் மேல் சுரங்களின் தெளிவு திரும்பவில்லை. எப்படித் திரும்பும்? சுற்று கூடினால் இண்டக்டன்ஸ் (மின்தூண்டல்) கூடும். கேபிளின் மின்தேக்கமும் அதோடு சேர்ந்து, பிக்கப் எந்த அதிர்வெண்ணில் தூக்கிக் கொடுக்கிறதோ அந்த இடத்தையே கீழே இழுத்துவிடும். குறைந்த சுற்றுள்ள ஹம்பக்கரில் அது 3 கிலோஹெர்ட்ஸ் பக்கம் இருந்தால், இந்த மாதிரி பிக்கப்பில் 2 கிலோஹெர்ட்ஸை ஒட்டி வந்துவிடும். பிக்கப்பின் உயரத்தை மாற்றுவதால் இது மாறாது. வால்யூமைக் குறைத்தாலோ கேபிள் இன்னும் கொஞ்சம் ட்ரெபிளை, அதாவது மேல் சுரங்களின் தெளிவை, சாப்பிடுகிறது. பிரிட்ஜ் பக்கம் (கம்பிகள் உடலில் முடியும் பக்கம்) வைத்து டிஸ்டார்ஷன் போட்டு வாசிப்பவருக்கு இதே பிக்கப் அருமையாக இருக்கும். பொருளை மட்டம் என்று நான் சொல்லவில்லை, நான் கேட்ட பொருள் இது இல்லை.

உங்கள் ஒப்பீட்டுப் பதிவையும் அப்புறம் ஹெட்போன் மாட்டித் திரும்பக் கேட்டேன். 'வின்டேஜ்' நெக் பக்கத்தில் கிளீனாக ஒலிக்கிறது, 'ஹாட்' என்ற இன்னொரு பதிவு பிரிட்ஜ் பக்கத்தில் டிஸ்டார்ஷனோடு ஒலிக்கிறது, சத்தமும் அதற்குத்தான் அதிகம். சத்தம் கொஞ்சம் கூடினாலே நம் காது அதை 'நல்ல டோன்' என்று எடுத்துக்கொள்ளும். ஒப்பிட வேண்டுமானால் ஒரே கிட்டார், ஒரே கம்பி, ஒரே ஆம்ப், ஒரே இடம் என்று வைத்து, சத்தத்தைச் சமன்செய்துவிட்டு வாசிக்க வேண்டும். நண்பரிடம் அல்நிகோ 2 நெக் பிக்கப் போட்ட, என்னுடையதைப் போன்ற கிட்டார் இருக்கிறது. இரண்டிலும் 10 – 46 தடிமன் கம்பி மாட்டி, ஒரே கேபிளில், ஒரே ஆம்பில், சத்தத்தைச் சமமாக வைத்து ஒரே வரியை வாசித்துப் பதிந்திருக்கிறேன். கிட்டார் பிடிக்கத் தெரியாத என் மனைவியே, எது எது என்று சொல்லாமல் போட்டுக் காட்டியபோது, "ரெண்டாவது போர்வைக்குள்ள வாசிக்கிற மாதிரி இருக்கு" என்றார். இரண்டாவது உங்களுடையது.

பற்றவைத்த பொருளைத் திரும்ப எடுப்பதில்லை என்று ரசீதின் பின்பக்கம் போட்டிருக்கிறீர்கள். பற்றவைத்தது உங்கள் ஆள், வயரை நறுக்கியதும் அவர்தான். அதுபோக, 2012 செப்டம்பர் 1 முதல் இங்கே நடப்பில் உள்ள 'லெமன் சட்ட'த்தின்படி, கொடுத்த விவரத்துக்குப் பொருந்தாத பொருளும் குறையுள்ள பொருள்தான். வாங்கி ஆறு மாதத்துக்குள் குறை தெரிந்தால், கொடுத்தபோதே அது இருந்தது என்றே சட்டம் எடுத்துக்கொள்ளும். இல்லையென்று நிரூபிப்பது உங்கள் பொறுப்பு. நான் வாங்கி ஆறு மாதம் ஆகவில்லை, ரசீதில் தேதி இருக்கிறது.

பெட்டியில் எழுதியபடி அல்நிகோ 2 பிக்கப்பைக் கொடுத்து, பொருத்து கூலி வாங்காமல் மாற்றித் தாருங்கள். பொருத்துவதற்கு முன் காந்தத்தை எனக்குக் காட்டி, மின்தடையை என் எதிரிலேயே அளக்க வேண்டும். உங்களிடம் அது இருப்பில் இல்லையென்றால் 265 வெள்ளியையும் பொருத்தியதற்கு வாங்கிய கூலியையும் திருப்பித் தாருங்கள். கடை வவுச்சர் வேண்டாம். இதே பெட்டியை இன்னும் எத்தனை பேருக்குக் கொடுத்தீர்கள் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். தவறு உங்களுக்குப் பொருள் அனுப்பியவருடையதாகவும் இருக்கலாம், ஆனால் பணம் வாங்கியது நீங்கள்.

இந்தக் கடிதம் கிடைத்த 14 நாட்களுக்குள் எழுத்தில் பதில் எதிர்பார்க்கிறேன். வராவிட்டால் சிங்கப்பூர்ப் பயனீட்டாளர் சங்கத்திடம் புகார் கொடுப்பேன், அதிலும் தீராவிட்டால் சிறு கோரிக்கை நடுவர் மன்றத்துக்குப் போவேன். அங்கே வழக்கறிஞர் வைக்க முடியாது, நீங்களும் நானும்தான் பேச வேண்டியிருக்கும். மல்டிமீட்டரைக் கையோடு கொண்டுவருகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்,
ஈசூன், சிங்கப்பூர்

இணைப்பு: ரசீது நகல், பெட்டியின் படம், காந்தமும் வயர்களும் தெரியும் படங்கள், டெக்னீசியன் சீட்டு, ஒலிப்பதிவு