மருமகள் எம்மாவும் பாப்பாவும் ஆறு மாதம் இங்கே தங்குவதற்கு

சேலம், அஸ்தம்பட்டி

அன்புள்ள கார்த்தி,

பிரிட்டனிலிருந்து 2026 நவம்பர் 15 வந்து 2027 மே 15 திரும்புவதாக நீ எழுதியதிலிருந்து, ஏற்காட்டு வீட்டு மாடியைச் சுத்தம் பண்ண அப்பா ஆள் தேடிக்கொண்டிருக்கிறார். அது அவர் பாடு. நீ டிக்கெட் போடுவதற்கு முன்னால் எம்மாவின் விசாவை முடிவு செய். மலை வீட்டில் தங்க வரும் வெளிநாட்டுக்காரர்களின் காகித வேலையெல்லாம் என் கையில்தான் இருக்கிறது. எது எங்கே சிக்கும் என்று தெரிந்ததால் விவரமாகவே எழுதுகிறேன். போனில் சொன்னால் பாதி காற்றோடு போய்விடும்.

"இ-விசா எடுத்து வந்துவிட்டு, அங்கே போய் நீட்டித்துக்கொள்ளலாம்" என்று உன் நண்பர் சொன்னாராமே, அதை மறந்துவிடு. இணையத்தில் எடுக்கிற சுற்றுலா விசாவை, அதாவது இ-டூரிஸ்ட் விசாவை, இங்கே நீட்டித்துத் தர மாட்டார்கள். ஒரு வருட விசாவோ ஐந்து வருட விசாவோ, ஒரு காலண்டர் வருடத்தில் மொத்தம் 180 நாளுக்கு மேல் தங்க முடியாது. உன் தேதிகளை நானே எண்ணிப் பார்த்தேன். இறங்கும் நாளும் கிளம்பும் நாளும் கணக்கில் சேரும். நவம்பர் 15 முதல் டிசம்பர் 31 வரை 47 நாள். ஜனவரி 1 முதல் மே 15 வரை 135 நாள். வருடவாரியாகப் பார்த்தால் இரண்டுமே 180-க்குள். ஆனால் சேர்ந்தாற்போல் 182 நாள் ஆகிவிடுகிறது. 180 நாளைத் தாண்டித் தொடர்ந்து தங்குகிறவர்கள் வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்தில் பதிவு செய்தாக வேண்டும். டூரிஸ்ட் விசாவை வைத்துக்கொண்டு அந்த இடத்துக்கே போகாமல் இருப்பது நல்லது. 2025 செப்டம்பர் 1 முதல் குடிவரவுக்குப் புதுச் சட்டம் அமலில் இருக்கிறது. ஒரு நாள் கூடினாலும் அபராதம், அடுத்த விசாவுக்கும் இடைஞ்சல்.

அதனால் உனக்கு இரண்டு வழி. மே 10-ஆம் தேதி கிளம்புவதாக இருந்தால் மொத்தம் 177 நாள். இ-டூரிஸ்ட் விசாவே போதும். மே கடைசி வரை இருக்கவேண்டும், அடுத்த வருடமும் வரவேண்டும் என்றால் என்ட்ரி விசா எடுங்கள், எக்ஸ் விசா என்பார்களே, அதுதான். இந்தியக் குடிமகனின் மனைவி என்ற முறையில் எம்மாவுக்கு அது கிடைக்கும். என்னைக் கேட்டால் இதுதான் சரி. வேலை கொஞ்சம் கூடுதல், ஆனால் நாள் எண்ணிக்கொண்டு உட்கார வேண்டியதில்லை.

ஓசிஐ, அதாவது வெளிநாட்டுவாழ் இந்தியக் குடிமகன் அட்டை பற்றிக் கேட்டிருந்தாய். எம்மாவுக்கு இப்போது முடியாது. கல்யாணம் பதிவாகி, விண்ணப்பிக்கும் நாளுக்கு முன்னால் தொடர்ந்து இரண்டு வருடம் முடிந்திருக்க வேண்டும். டூரிஸ்ட் விசாவில் வந்து இங்கிருந்தபடியே விண்ணப்பிக்கவும் விடமாட்டார்கள். பாப்பாவுக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. நீ இந்தியக் குடிமகன் என்பதால் இப்போதே போடலாம். அப்பா அம்மா இருவர் பெயரும் இருக்கிற முழு நீளப் பிறப்புச் சான்றிதழ் வேண்டும். குழந்தையின் பெயர் மட்டும் இருக்கிற குட்டைச் சான்றிதழைத் திருப்பிவிடுவார்கள். இரண்டு பேரும் கையெழுத்துப் போட வேண்டும். ஓசிஐ வந்துவிட்டால் பாப்பாவுக்கு எவ்வளவு நாள் தங்கினாலும் பதிவு கிடையாது. பிரிட்டிஷ் குழந்தைப் பாஸ்போர்ட் ஐந்து வருடத்தில் தீர்ந்துவிடும். புதுசு எடுக்கும்போதெல்லாம் அதை ஓசிஐ தளத்தில் ஏற்றிவிட வேண்டும், அதை மட்டும் மறக்காதே. ஓசிஐ நேரத்துக்கு வராது போலிருந்தால் பாப்பாவுக்கும் தனியாக விசா எடுத்துவிடு. கைக்குழந்தைதானே என்று யாரும் விடமாட்டார்கள்.

இனி எக்ஸ் விசாவுக்கு வேண்டியவை. பெயரிலிருந்து தொடங்குகிறேன், அதிகம் சிக்குவது அதில்தான். உன் இந்தியப் பாஸ்போர்ட்டில் சர்நேம் கட்டம் காலி. உங்கள் கல்யாணச் சான்றிதழில் அப்பா பெயரைச் சர்நேமாகப் போட்டிருக்கிறார்கள். எம்மாவின் பாஸ்போர்ட்டில் பிறந்த வீட்டுப் பெயர். மூன்று காகிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிற அதிகாரிக்கு நீயும் அந்த மாப்பிள்ளையும் ஒரே ஆள்தான் என்று எப்படித் தெரியும்? இரண்டு பெயரும் ஒருவரையே குறிக்கும் என்று ஒரு உறுதிமொழிப் பத்திரம் இப்போதே எழுதி வைத்துக்கொள். முடிந்தால் உன் பாஸ்போர்ட்டில் மனைவி பெயரையும் சேர்த்துவிடு. பின்னால் ஓசிஐக்கும் அது உதவும். கல்யாணச் சான்றிதழின் அசல் பிரதிக்கு அங்குள்ள வெளியுறவுத் துறையில் அப்போஸ்டில் முத்திரை, அதாவது வெளிநாட்டில் செல்லுபடியாவதற்கான சான்று முத்திரை வாங்கிக்கொள். வீட்டு பிரின்டரில் எடுத்த ஜெராக்ஸுக்கு அது கிடைக்காது.

விண்ணப்பத்தை இந்திய அரசின் விசா தளத்தில் நிரப்பி, அச்செடுத்து, விசா விண்ணப்பம் வாங்கும் நிறுவனமான விஎஃப்எஸ்ஸில் நேரம் வாங்கிக் கொடுக்க வேண்டும். முகவரி 'கவ் டாட் இன்' என்று முடிகிறதா என்று பார். கூகுளில் முதலில் வருவதெல்லாம் அரசுத் தளம் இல்லை. அதே மாதிரி தோற்றத்தில் கூடுதல் காசு வாங்குகிறவை நிறைய உண்டு. போட்டோ 2 அங்குலத்துக்கு 2 அங்குலம், சதுரமாக, வெள்ளைப் பின்னணியில் இருக்க வேண்டும். அங்கே கடைப் பூத்தில் எடுத்தால் 35-க்கு 45 மில்லிமீட்டர் அளவில் வரும், அது பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டுக்கான அளவு. அதை ஒட்டிக்கொண்டு போனால் அன்றைக்கு வந்த வழியே திரும்ப வேண்டியதுதான். பாஸ்போர்ட் குறைந்தது ஆறு மாதம் செல்ல வேண்டும், இரண்டு பக்கமாவது காலியாக இருக்க வேண்டும். படிவத்தில் எம்மாவின் பெற்றோர் பிறந்த ஊர், நாடு எல்லாம் கேட்பார்கள். அவர்களிடம் முன்னாலேயே கேட்டு வைத்துக்கொள்ளச் சொல். இந்தியாவில் தெரிந்தவர் என்ற இடத்தில் அப்பா பெயரும் ஏற்காட்டு முகவரியும் போடு. அந்த முகவரியே பின்னால் பதிவுக்கும் போகவேண்டும். ஒன்று சேலம், ஒன்று ஏற்காடு என்று இருந்தால் கேள்வி வரும். இன்னொன்று, என்ட்ரி விசாவின் காலம் அவர்கள் கொடுத்த தேதியிலிருந்து ஓடத் தொடங்கிவிடும், நீங்கள் விமானம் ஏறும் தேதியிலிருந்து அல்ல. அதற்காக நவம்பர் வரை தள்ளிப் போடாதே. செப்டம்பரிலேயே கொடுத்துவிடு.

எல்லாவற்றையும் யோசித்துவிட்டு இ-விசாதான் என்று முடிவு செய்தால், ஒரு வருடத்துக்கானதை வருகிற தேதிக்கு 120 நாளுக்கு முன்னாலிருந்து போடலாம். 'கிராண்டட்' என்று வந்ததும் அச்செடுத்துக் கையில் வைத்திருக்க வேண்டும். பாஸ்போர்ட் எண்ணில் ஒரு எழுத்து தவறினாலும் விமானத்தில் ஏற்ற மாட்டார்கள். கட்டிய பணமும் திரும்பாது. சென்னை, பெங்களூரு, திருச்சி, கோவை எங்கே வேண்டுமானாலும் இறங்கலாம்.

எந்த விசாவானாலும், 2025 அக்டோபர் முதல் வெளிநாட்டுப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் இ-அரைவல் கார்டை, அதாவது வருகைப் படிவத்தை, இணையத்தில் நிரப்ப வேண்டும். வந்து சேர்வதற்கு முந்தைய 72 மணி நேரத்துக்குள் செய்வது. கட்டணம் கிடையாது. காசு கேட்டால் அது போலித் தளம்.

குடிவரவு கவுன்டரை விட்டு நகர்வதற்கு முன் முத்திரையைப் பார்க்கச் சொல். தேதி தெளிவாக விழுந்திருக்கிறதா, சரியான தேதிதானா என்று அங்கேயே நின்று பார்க்க வேண்டும். அந்தப் பக்கத்தை உடனே போனில் படம் எடுத்து எனக்கு அனுப்பு. ஏனென்றால் அவர்கள் வீட்டுக்கு வந்த 24 மணி நேரத்துக்குள் நான் சி-பாரம் ஏற்ற வேண்டும். வெளிநாட்டவர் வீட்டில் தங்குவதை அரசுக்குத் தெரிவிக்கும் படிவம் அது; புதுச் சட்டத்தில் அதற்குப் படிவம் III என்று பெயர். ஓட்டல்காரர்களுக்கு மட்டும் உள்ள விதி என்று பலர் நினைக்கிறார்கள். மருமகளாகவே இருந்தாலும் வெளிநாட்டுப் பாஸ்போர்ட் என்றால் வீட்டுக்காரர் கொடுத்தே ஆக வேண்டும். பாஸ்போர்ட் எண், விசா எண், கொடுத்த இடம், இந்தியாவுக்குள் வந்த தேதி, வீட்டுக்கு வந்த தேதி, எங்கிருந்து வந்தார், அடுத்து எங்கே போகிறார், ஒரு போட்டோ, இவ்வளவும் அதில் கேட்பார்கள். இ-விசாவாக இருந்தால் விண்ணப்ப எண்ணைத் தூக்கி விசா எண் கட்டத்தில் போடுவது எல்லாரும் செய்கிற தவறு. இரண்டும் வேறு. இடையில் கொடைக்கானல், மதுரை என்று போய் நாலு நாள் தங்கினால் அங்கே ஓட்டல்காரர் அவர் பங்குக்குக் கொடுப்பார். திரும்பி வந்ததும் நான் புதிதாக ஒன்று போட வேண்டும். ஆகையால் சொல்லாமல் கொள்ளாமல் எங்கும் கிளம்பிவிட வேண்டாம்.

எக்ஸ் விசா 180 நாளுக்கு மேற்பட்டது என்றால், வந்து 14 நாளுக்குள் வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்தின் இ-எஃப்ஆர்ஆர்ஓ தளத்தில் பதிவு செய்ய வேண்டும். பதினான்காம் நாள் வரை காத்திருக்காதே. ஒரு காகிதம் போதவில்லை என்று திருப்பினால் மறுபடி ஏற்ற நேரம் வேண்டுமே. முதல் வாரத்திலேயே நானும் எம்மாவும் உட்கார்ந்து முடித்துவிடுகிறோம். பாஸ்போர்ட்டின் முதல் பக்கம், விசாப் பக்கம், முத்திரைப் பக்கம், கல்யாணச் சான்றிதழ், உன் பாஸ்போர்ட், சி-பாரத்தின் நகல், அப்புறம் வீட்டு முகவரிக்கு ஆதாரம். இந்தக் கடைசி ஒன்றில்தான் நம் பக்கம் வேலை பாக்கி. ஏற்காட்டு வீட்டுக் கரண்ட் கணக்கு இன்னும் தாத்தா பெயரில் இருக்கிறது. அப்பாவின் ஆதார் ஒரு பெயர், பில் ஒரு பெயர் என்றால் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். அதை மாற்ற அப்பா விண்ணப்பம் கொடுத்துவிட்டார்; நவம்பருக்குள் வந்துவிடும். பெரும்பாலும் எல்லாமே இணையத்தில் முடிந்து பதிவுச் சான்றிதழும் அதிலேயே வந்துவிடும். நேரில் கூப்பிட்டால் சென்னை நுங்கம்பாக்கம் ஹாடோஸ் சாலை, சாஸ்திரி பவனுக்குப் போய்வர வேண்டியிருக்கும்.

எம்மாவுக்கு இங்குள்ள பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் சொல்லித்தர ஆசை என்றாயே. நல்ல மனசுதான். ஆனால் சம்பள வேலைக்கு இந்த விசாவில் இடமில்லை. டூரிஸ்ட் விசாவிலும் காசு வாங்காத தொண்டு வேலை அதிகபட்சம் ஒரு மாதம்தான். ஒரு டேர்ம் முழுக்க என்று பள்ளியிடம் வாக்குக் கொடுத்துவிட வேண்டாம். அதேபோல அந்தக் காபித் தோட்டம் விற்பனைக்கு வந்திருப்பதை அவள் பெயரில் வாங்கலாமா என்று அப்பா கேட்கிறார். முடியாது. நாளைக்கு ஓசிஐ கிடைத்தாலும் விவசாய நிலம், தோட்டம், பண்ணை வீடு எதையும் விலைக்கு வாங்க அனுமதி இல்லை.

மலை ஏறப் போகும்போது எம்மா பையில் மாட்டியிருப்பாளே, செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் கார்மின் கருவி, அதை வீட்டிலேயே வைத்துவிட்டு வரட்டும். அனுமதி இல்லாமல் அதைக் கொண்டுவந்து விமான நிலையத்தில் கைதானவர்கள் உண்டு. இ-சிகரெட், டிரோன் இரண்டும் வேண்டாம். மாத்திரைகள் எதுவானாலும் டாக்டர் சீட்டோடு, கம்பெனி அட்டையிலேயே வரட்டும். ஏரிப் பக்கம் குரங்குத் தொல்லை இருக்கிறது, தெருநாயும் இருக்கிறது. வெறிநாய்க்கடித் தடுப்பூசி முன்கூட்டியே போட்டுக்கொள்வது பற்றி அங்குள்ள டாக்டரிடம் கேட்கச் சொல், பாப்பாவுக்கும் சேர்த்து.

வழி பற்றி: சேலம் விமான நிலையத்தில் வெளிநாட்டு விமானம் இறங்காது. பெங்களூரில் இறங்கினால் விமான நிலையம் ஊருக்கு வடக்கே. நகரத்தைத் தாண்டவே நேரமாகும், அதற்கப்புறம் ஓசூர், தர்மபுரி வழியாக நேர்சாலை. சென்னை என்றால் மெட்ரோவில் சென்ட்ரல் வந்து வந்தே பாரத் ஏறினால் சேலம் ஜங்ஷன். கைக்குழந்தையோடு வருவதால் எனக்கு ரயில்தான் பிடித்திருக்கிறது. அன்றைக்கே மலை ஏற வேண்டாம். இருபது கொண்டை ஊசி வளைவு, நவம்பர் மழை, இருட்டு, தூக்கம் இல்லாத குழந்தை. 2024 டிசம்பர் ஃபெஞ்சல் புயலில் அந்தப் பாதையில் மண் சரிந்து போக்குவரத்தே நின்றது. முதல் இரவு இங்கே அஸ்தம்பட்டியில் தங்கட்டும், மறுநாள் காலையில் வெளிச்சத்தில் ஏறிக்கொள்ளலாம். அப்படித் தங்கினால் முதல் சி-பாரம் இந்த முகவரிக்கும் அடுத்தது ஏற்காட்டுக்கும் போகும், அதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

இந்த வாரத்துக்குள் எம்மாவின் பாஸ்போர்ட் முதல் பக்கம், உன் பாஸ்போர்ட்டின் முதல் பக்கமும் கடைசிப் பக்கமும், கல்யாணச் சான்றிதழ், பாப்பாவின் பிறப்புச் சான்றிதழ் நாலையும் ஸ்கேன் செய்து அனுப்பு, கண்ணு. பெயர்கள் எங்கெங்கே ஒத்துப்போகவில்லை என்று பார்த்து எழுதுகிறேன். டிக்கெட்டை அதற்கப்புறம் போடு.

அன்புடன்,
அம்மா