கறுவாச் சீனியில் புரட்டிய விசுக்கோத்து

மொன்டெரே, மெக்சிக்கோ

அன்புள்ள அம்மாவுக்கு,

நாங்கள் எல்லோரும் நல்ல சுகம். மார்கழி பிறந்ததும் இங்கே குளிர் தொடங்கிவிட்டது. கோடையில் 40 பாகை கொதித்த ஊர் இப்போது கம்பளிச்சட்டை கேட்கிறது.

இந்த மாதம் முழுக்க வீட்டில் கறுவா வாசம்தான். 'ஒஹராஸ்கா' என்று ஒரு விசுக்கோத்து சுடப் பழகியிருக்கிறேன். மெக்சிக்கோவின் வடபகுதிக்கே உரிய பலகாரம் இது. கலியாணம், நத்தார் எதுவென்றாலும் இது இல்லாமல் நடக்காது. பக்கத்து வீட்டு அம்மாதான் சொல்லித் தந்தார். அவருடைய ஊர் புஸ்தமாந்தே. விறகுப் போறணையில் சுடும் பாணுக்குப் பேர்போன இடம்.

இதைப் பன்றிக் கொழுப்பில் செய்வதுதான் பழைய வழக்கம். கோதுமையும் பன்றியும் 16ஆம் நூற்றாண்டில் ஸ்பானியரோடு வந்தவை. எங்கள் வீட்டில் அது புழங்காது என்று சொன்னதும், அவரே கடைக்குக் கூட்டிப்போய் மரக்கறிக் கொழுப்பு வாங்கித் தந்தார். அதனால் நீங்கள் வரும்போது தயங்காமல் சாப்பிடலாம்.

ஒரு கிலோ கோதுமை மாவுக்கு அரைக் கிலோ கொழுப்பு, கால் கிலோ சீனி. கொழுப்பையும் சீனியையும் வெள்ளையாகப் பொங்கி வரும்வரை அடிக்க வேண்டும். கறுவாவைத் தண்ணீரில் அவித்து ஆறவைத்து, அந்தச் சாயத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு மாவைச் சேர்க்க வேண்டும். ரொட்டிக்குக் குழைப்பது போலக் குழைத்தால் கல்லாகிவிடும். மா திரண்டவுடன் கையை எடுத்துவிட வேண்டும். அப்புறம் தட்டையாக உருட்டி, வட்டமாக வெட்டி, 180 பாகையில் 15 நிமிடம். அடிப்பக்கம் மட்டும் பொன்னிறமாக வந்தால் போதும்.

கைப்பக்குவம் எல்லாம் கடைசியில்தான். கறுவாத்தூள் கலந்த சீனியில் புரட்ட வேண்டும். அடுப்பால் இறக்கிய சூட்டோடு தொட்டால் பொடிந்துவிடும், நன்றாக ஆறிவிட்டால் சீனி ஒட்டாது. அந்த அம்மா விசுக்கோத்தின் ஓரத்தில் விரலை வைத்துப் பார்த்து, "இப்போ" என்பார். எனக்கும் அந்தச் சூடு இப்போது பிடிபடத் தொடங்கியிருக்கிறது.

அம்மா, இன்னொன்று சொல்ல வேண்டும். இவர்கள் போடுவது எங்கள் நாட்டுக் கறுவா! இலங்கைக் கறுவாவை உலகத்திலேயே அதிகமாக வாங்குவது மெக்சிக்கோதானாம். கடுதாசி போல அடுக்கடுக்காகச் சுருண்டு, விரலால் நொறுக்கினால் தூளாகிற அதே பட்டை. காலி, மாத்தறைப் பக்கம் யாரோ உரித்துக் காயவைத்தது இத்தனை கடல் தாண்டி இந்த ஊர்ச் சந்தையில் மூட்டை மூட்டையாகக் கிடக்கிறது. அதைப் பார்த்தபோது எனக்குப் பெருமையாக இருந்தது. தடித்த சீனப்பட்டையை நீட்டினால் பக்கத்து வீட்டு அம்மா வாங்கவே மாட்டார்.

16ஆம் திகதியிலிருந்து 24 வரைக்கும் இங்கே ஒவ்வொரு இரவும் 'போசாதா'. மரியாளும் சூசையும் தங்க இடம் தேடியதை நினைத்து, வீடு வீடாகப் பாடிக்கொண்டு வருவார்கள். இந்த முறை ஒரு நாள் எங்கள் வீட்டுக்கும் வருகிறார்கள். இரண்டு பெரிய தகரப்பெட்டி நிறையச் சுட்டு வைத்திருக்கிறேன்.

தம்பி ஒரு சின்னப் போறணை வாங்கியதாகச் சொன்னான். சரி, அவனிடம் இந்த அளவைக் காட்டுங்கள். உங்களுக்கு மாஜரினிலும் வரும். உப்பில்லாததாகப் பார்த்து வாங்கச் சொல்லுங்கள். முழங்கால் நோவுக்கு வைத்தியரிடம் போனீர்களா? மறக்காமல் பதில் எழுதுங்கள்.

அன்பு மகள்