கம்யூனிட்டி காலேஜ் பிள்ளைகளையும் மேடைக்கு அழையுங்கள்

கலிபோர்னியாவின் சான் பிரான்சிஸ்கோ விரிகுடாப் பகுதியில் இருக்கும் நம் தமிழ்ச் சங்கத்தின் செயற்குழுவினருக்கு,

வணக்கம்.

பன்னிரண்டாம் வகுப்பு முடிக்கும் பிள்ளைகளுக்கு ஜூன் மாதத்தில் நீங்கள் நடத்தும் பாராட்டு விழாவைப் பற்றி எழுதுகிறேன். பெயர், பள்ளி, சேரவிருக்கும் பல்கலைக்கழகம் என்று மூன்று கட்டங்கள் கொண்ட அந்தப் படிவம் இந்த ஆண்டும் மின்னஞ்சலில் வந்துவிட்டது. மூன்றாவது கட்டத்தில் இருப்பதைத்தான் மேடையில் உரக்க வாசிப்பீர்கள். கலிபோர்னியாப் பல்கலைக்கழக வளாகங்களில் பெர்க்லி என்றால் அரங்கம் அதிரும். ரிவர்சைடு என்றால் மரியாதைக்குத் தட்டுவார்கள். கம்யூனிட்டி காலேஜ் எனப்படும் இரண்டு ஆண்டு அரசுக் கல்லூரிகளான டி ஆன்சா, ஓலோனி, மிஷன் என்ற பெயர்கள் அந்த மேடையில் ஒலித்து நான் கேட்டதே இல்லை. அங்கே படிக்க நம் பிள்ளைகள் இல்லாமலா போனார்கள்? இருக்கிறார்கள். அப்படி ஒரு கல்லூரியில்தான் நான் கணிதம் நடத்துகிறேன். அவர்கள் வீட்டில் படிவத்தை நிரப்பி அனுப்புவதில்லை, அவ்வளவுதான்.

எனக்கு விளங்காத விஷயம் ஒன்று உண்டு. பத்தாம் வகுப்புப் பிள்ளையைக் கோடை விடுமுறையில் இதே கல்லூரியின் கால்குலஸ் வகுப்பில் சேர்ப்பதற்கு நம் பெற்றோர் படாத பாடு படுகிறார்கள். பள்ளி மாணவர்களுக்குப் பாடக் கட்டணம் கிடையாது என்பது ஒரு காரணம். பல்கலைக்கழக விண்ணப்பத்தில் அதைக் காட்டிக்கொள்ளலாம் என்பது அதைவிடப் பெரிய காரணம். அப்போது நான் அவர்களுக்கு 'காலேஜ் புரொபசர்'. அதே பிள்ளை பள்ளி முடித்த பிறகு அதே வகுப்பறைக்கு வந்தால் வீட்டில் இழவு விழுந்ததுபோல் ஆகிவிடுகிறது. பாடநூல் மாறவில்லை, தேர்வு மாறவில்லை, சொல்லித்தரும் ஆளும் மாறவில்லை.

சென்ற பொங்கல் விழாவில் என் மாணவி ஒருத்தி என்னைக் கண்டதும் சட்டென்று வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். வகுப்பில் முதல் வரிசையில் உட்கார்ந்து, நான் கரும்பலகையில் விடும் குறித்தவறைக்கூட எடுத்துச் சொல்கிற பெண். சாப்பாட்டு வரிசையில் பக்கத்தில் வந்து நின்று, "ஆன்ட்டி, நான் உங்கள் வகுப்பில் படிக்கிறேன் என்று இங்கே யாரிடமும் சொல்லிவிடாதீர்கள். அம்மா எல்லோரிடமும் டேவிஸ் பல்கலைக்கழகம் என்று சொல்லியிருக்கிறார்கள்" என்றாள். தட்டில் சர்க்கரைப் பொங்கலை வாங்கிக்கொண்டு போய்விட்டாள். பதினெட்டு வயதில் ஒரு பெண் தன் படிப்பை ஒளித்து வைத்துத் திரிய வேண்டுமென்றால், அவள் அம்மாவை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. அந்த அம்மாவைப் பொய் சொல்ல வைக்கும் சபை எது என்று யோசித்தால் நம் விழா மேடையும் அதில் வரும்.

கம்யூனிட்டி காலேஜ் என்பது வேறு எங்கும் இடம் கிடைக்காதவர்கள் ஒதுங்குகிற சத்திரம் என்று நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். கலிபோர்னியா அதை அப்படி அமைக்கவில்லை. 1960இல் இந்த மாநிலம் உயர்கல்விக்கு ஒரு பெருந்திட்டம் வகுத்தது. பள்ளி முடிப்பவர்களில் முதல் எட்டில் ஒரு பங்கினருக்குக் கலிபோர்னியாப் பல்கலைக்கழகம், முதல் மூன்றில் ஒரு பங்கினருக்கு மாநிலப் பல்கலைக்கழகம், மற்ற எல்லோருக்கும் கம்யூனிட்டி காலேஜ். அங்கே இரண்டு ஆண்டு நன்றாகப் படித்தவர்கள் மூன்றாம் ஆண்டில் பல்கலைக்கழகத்துக்கு மாறலாம். அப்படி வருபவர்களுக்கு இடம் இருக்க வேண்டும் என்பதற்காகவே பல்கலைக்கழகத்தில் முதல் இரண்டு ஆண்டு மாணவர்களின் பங்கைக் குறைத்து வைக்கச் சொன்னது அத்திட்டம். ஆகவே இது யாரோ பரிதாபப்பட்டுத் திறந்துவிட்ட கொல்லைப்புறக் கதவு இல்லை.

நம்மில் எத்தனையோ பேர் ஊரில் பாலிடெக்னிக்கில் டிப்ளமோ முடித்து, நேரடியாக இரண்டாம் ஆண்டு பி.இ.யில் சேர்ந்தவர்கள். இன்று பெரிய நிறுவனங்களில் இருக்கும் அவர்களிடம் முதலாம் ஆண்டு எங்கே படித்தீர்கள் என்று யாராவது கேட்கிறோமா? இங்கேயும் அதுதான். கடைசியில் கைக்கு வரும் பட்டத்தில் பல்கலைக்கழகத்தின் பெயர்தான் இருக்கும்.

பணத்தைப் பற்றியும் கூச்சப்படாமல் பேசுவோம். கலிபோர்னியாவாசிகளுக்குக் கம்யூனிட்டி காலேஜ் கட்டணம் செமஸ்டர் கணக்கில் ஒரு யூனிட்டுக்கு, அதாவது பாடங்களை அளக்கும் ஓர் அலகுக்கு, 46 டாலர். 2012 முதல் அது ஏறவில்லை. பல்கலைக்கழகத்துக்கு மாறத் தேவையான 60 யூனிட்டுக்கும் சேர்த்து 2,760 டாலர். முதன்முறையாக முழுநேரம் சேர்பவர்களுக்குப் பல கல்லூரிகள் இதையும் இரண்டு ஆண்டு வரை தள்ளுபடி செய்கின்றன. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் கல்விக் கட்டணம் மட்டுமே ஓராண்டுக்கு 14 ஆயிரம் டாலருக்கு மேல்; விடுதி, சாப்பாடு எல்லாம் சேர்த்தால் 40 ஆயிரத்தைத் தாண்டிவிடும். 2022 கடைசியில் தொடங்கிய வேலைநீக்க அலையில் நம் தெருக்களில் எத்தனை வீடுகளுக்கு அந்த மின்னஞ்சல் வந்தது என்பது உங்களுக்குத் தெரியும். அப்படியிருந்தும் வீட்டை ஈடு வைத்து, பிள்ளைக்குப் பிடிக்காத ஊரில், விரும்பாத பாடத்தில், பெயருக்காக ஓர் இடம் வாங்குகிறவர்களைப் பார்க்கிறேன்.

ஆப்பிள் நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஸ்டீவ் வாஸ்னியாக்கே டி ஆன்சாவில் படித்துவிட்டுத்தானே பெர்க்லி போனார் என்று சிலர் உதாரணம் காட்டுவார்கள். உண்மைதான். ஆனால் அவரை நான் சாட்சிக்கு இழுக்கப் போவதில்லை. அவர் எங்கே படித்திருந்தாலும் வாஸ்னியாக்காகத்தான் இருந்திருப்பார். நான் பேசுவது நன்றாகப் படித்தும், பக்கத்து இருக்கைக்காரன் இன்னும் நன்றாகப் படித்ததால் மார்ச் மாதம் கதவுகள் மூடிக்கொண்ட பிள்ளைகளைப் பற்றி. அவர்களுக்கு இந்த வழியில் ஒரு பெரிய வசதி: மாறுவதற்கு விண்ணப்பிக்கும்போது பள்ளி மதிப்பெண் பின்னுக்குப் போய்விடுகிறது, கல்லூரியில் எடுத்த மதிப்பெண்தான் பேசும். டேவிஸ், இர்வைன், மெர்செட், ரிவர்சைடு, சாண்ட்டா பார்பரா, சாண்ட்டா குரூஸ் ஆகிய ஆறு கலிபோர்னியாப் பல்கலைக்கழக வளாகங்கள், நிபந்தனைகளை நிறைவேற்றினால் இடம் நிச்சயம் என்று முன்கூட்டியே எழுதித் தருகின்றன. ஆறில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்கலாம்; அதற்கான விண்ணப்பம் செப்டம்பரோடு முடிந்துவிடும். அதை வைத்துக்கொண்டே பெர்க்லிக்கும் லாஸ் ஏஞ்சலஸுக்கும் தனியாக விண்ணப்பிக்கத் தடையில்லை.

இவ்வளவும் சொன்ன நான் மறுபக்கத்தை மறைத்தால் அது விளம்பரமாகிவிடும். நம் வீடுகளில் பாதிக்கு மேல் கேட்கும் கணினி அறிவியலுக்குப் பல வளாகங்களில் அந்த உறுதி கிடையாது. எச்-4 விசாவில், அதாவது பெற்றோரின் வேலை விசாவைச் சார்ந்த விசாவில், இருக்கும் பிள்ளைகளுக்கு 21 வயது நிறைந்தால் அந்தத் தகுதி போய்விடும் என்பதால், அவர்கள் நான்கு ஆண்டுக் கணக்கையும் விசாக் கணக்கையும் சேர்த்து வைத்துப் பார்க்க வேண்டும். எல்லாவற்றையும்விட முக்கியமானது: மாநிலத் தணிக்கையாளர் 2024இல் வெளியிட்ட அறிக்கைப்படி, பல்கலைக்கழகத்துக்கு மாறும் எண்ணத்தோடு கம்யூனிட்டி காலேஜில் தொடங்கியவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர்தான் நான்கு ஆண்டுக்குள் மாறியிருக்கிறார்கள்.

மீதி நான்கு பேர் எங்கே போனார்கள்? வேலையும் குடும்பச் சுமையும் இழுத்துக்கொண்டவர்கள் பலர். நம் வீட்டுப் பிள்ளைகள் தடுக்கி விழும் இடம் பெரும்பாலும் வேறு. ஒரு மாணவன் நூலக மேசைக்கு என்னைப் பார்க்க வந்தான். (பகுதிநேர ஆசிரியர்களுக்குத் தனி அறை கிடையாது. அது இன்னொரு மடலுக்கான சங்கதி.) 'அசிஸ்ட்' இணையதளத்திலிருந்து எடுத்த தாளை விரித்தான். இடப்பக்கம் பல்கலைக்கழகம் கேட்கும் பாடங்கள். வலப்பக்கம் அதற்கு ஈடாக நம் கல்லூரியில் எடுக்க வேண்டியவை. சில வரிகளில் வலப்பக்கம் இணையான பாடம் இல்லை என்று மட்டும் இருக்கும். அவன் கால்குலஸில் இரண்டு பகுதிகளை ஆண்டை மூன்று பருவமாகப் பிரிக்கும் கல்லூரியில் முடித்துவிட்டு, வீட்டுக்குப் பக்கம் என்பதற்காக மூன்றாவதை, ஆண்டை இரண்டாகப் பிரிக்கும் செமஸ்டர் கல்லூரி ஒன்றில் எடுத்திருந்தான். டி ஆன்சாவும் புட்ஹில்லும் முதல் வகை. மிஷன், வெஸ்ட் வேலி, ஓலோனி இரண்டாம் வகை. ஒரு வகையில் நான்கு துண்டாக நறுக்கிய பாடத்தை இன்னொரு வகை மூன்று துண்டாக நறுக்குகிறது. துண்டுகள் பொருந்தவில்லை. நடுவில் ஒரு பகுதி எந்தக் கல்லூரியின் கணக்கிலும் வரவில்லை. பையன் கெட்டிக்காரன், மூன்றிலும் ஏ கிரேடு. ஆனாலும் ஓராண்டு தள்ளிப்போனது. முதல் பருவத்திலேயே ஆலோசகர் ஒருவரோடு அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தால் தப்பித்திருப்பான். வீட்டில் யாரும் அதைக் கேட்கவில்லை. கேட்டால் பேச்சு கம்யூனிட்டி காலேஜ் பக்கம் போய்விடுமே!

எஸ்ஏடி என்ற கல்லூரி நுழைவுத் தேர்வு வகுப்புக்கும் கட்டுரை எழுதப் பழக்கும் ஆலோசகருக்கும் ஆயிரக்கணக்கில் கொட்டிய அதே வீடு, பிள்ளை கம்யூனிட்டி காலேஜில் சேர்ந்த மறுநாள் கையைக் கழுவிக்கொள்கிறது. என்ன பாடம் எடுக்கிறாய், எந்த வளாகத்தை நினைத்திருக்கிறாய் என்று கேட்க ஆளில்லாமல், காரை எடுத்துக்கொண்டு போய்வருகிற பிள்ளைக்கு இரண்டு ஆண்டு மூன்றாகும், மூன்று நான்காகும். பிறகு, "பார்த்தாயா, நான் அப்போதே சொன்னேன்" என்போம்.

செயற்குழுவிடம் நான் கேட்பது மூன்று. படிவத்தின் மூன்றாவது கட்டத்தை எடுத்துவிடுங்கள். பள்ளிப் படிப்பை முடித்ததற்குத்தான் விழா. பெயரும் பள்ளியும் போதும். சேருமிடத்தை வாசித்தே ஆக வேண்டும் என்று நினைத்தால், கம்யூனிட்டி காலேஜில் சேரும் பிள்ளைகளின் வீடுகளுக்கு நீங்களே தொலைபேசியில் அழைத்து, வரச் சொல்லுங்கள். பொது அறிவிப்பைப் பார்த்து அவர்கள் வரமாட்டார்கள்.

இரண்டாவது, கம்யூனிட்டி காலேஜ் முடித்து இந்த ஆண்டு பல்கலைக்கழகத்துக்கு மாறுகிற பிள்ளைகளையும் அதே மேடைக்கு அழையுங்கள். மைக்கை இரண்டு நிமிடம் அவர்களிடம் கொடுத்தால் போதும். நான் அரை மணி நேரம் பேசினாலும் நடக்காத வேலை நடந்துவிடும்.

மூன்றாவது, விழா அன்று மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அதே மண்டபத்தில் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். மாறுதல் ஆலோசகராக இருக்கும் என் சகப் பணியாளர் ஒருவர் வருவதாகச் சொல்லியிருக்கிறார். புரொஜெக்டர் ஒன்று இருந்தால் 'அசிஸ்ட்' பக்கத்தைத் திறந்து, ஒவ்வொரு பிள்ளையின் பாடத்தையும் வரி வரியாகப் பார்த்துவிடலாம். டி ஆன்சாவில் இலையுதிர்காலப் பருவம் செப்டம்பர் கடைசியில்தான் தொடங்குகிறது என்பதால் இந்த ஆண்டுப் பிள்ளைகளுக்கும் நேரம் இருக்கிறது. செமஸ்டர் கல்லூரிகளில் ஆகஸ்டிலேயே வகுப்பு ஆரம்பித்துவிடும். கணித வகுப்புகளில் இடம் அதற்கு வெகு முன்பே நிரம்பிவிடும். அதனால் விழாவை ஜூன் மாத முதல் வாரத்திலேயே வைத்துக்கொள்ள முடியுமா என்று பாருங்கள்.

இப்படிக்கு,
கம்யூனிட்டி காலேஜ் ஒன்றில் கணிதம் கற்பிக்கும் பகுதிநேர ஆசிரியை,
நம் சங்கத்தின் உறுப்பினர்