சுருதி ஆடும் நாதஸ்வரத் தட்டு: இசைத்தட்டு விற்பனையாளருக்கு ஒரு புகார்க் கடிதம்

இணுவில்,
யாழ்ப்பாணம்.

முகாமையாளர்,
இசைத்தட்டு விற்பனைப் பிரிவு,
கொழும்பு.

விடயம்: 'முழுவதும் பாடவைத்துப் பரிசோதித்தது' என்று சொல்லி விற்ற நாதஸ்வர எல்.பி. பற்றிய புகார்

மதிப்புக்குரிய ஐயா / அம்மணி,

சித்திரை வருடப்பிறப்புக்கு முதல் கிழமை உங்கள் இணையக் கடையில் ஐந்து இசைத்தட்டுகள் வாங்கினேன். காருகுறிச்சி அருணாசலத்தின் நாதஸ்வர எல்.பி. (நீண்ட நேரம் ஓடும் பெரிய தட்டு) ஒன்று, பிஸ்மில்லா கானின் ஷெனாய் எல்.பி. ஒன்று, ஜாஸ் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஒஃப் புளூ' எல்.பி. மறுபதிப்பு, நித்தி கனகரத்தினத்தின் பொப்பிசை 45 (நிமிடத்துக்கு 45 தரம் சுற்றும் சிறிய தட்டு) ஒன்று, கிளாரன்ஸ் விஜேவர்த்தனவின் மூன்ஸ்டோன்ஸ் என்ற சிங்களப் பாட்டுக் குழு பாடிய 45 ஒன்று. மொத்தம் 46,500 ரூபா. அதில் நாதஸ்வரத் தட்டுக்கு மட்டும் 14,000 ரூபா. பற்றுச்சீட்டின் பிரதியை இத்துடன் இணைத்திருக்கிறேன்.

ஐந்து தட்டுகளிலும் எனக்குச் சொல்ல ஏதாவது இருக்கிறது. ஆனால் இந்தக் கடிதம் முக்கியமாக அந்த நாதஸ்வரத் தட்டைப் பற்றியது. இரண்டு மின்னஞ்சல் அனுப்பி, ஒரு முறை தொலைபேசியில் கதைத்தும் பயனில்லாததால் கடிதமாக எழுதுகிறேன்.

அந்தத் தட்டை ஏன் வாங்கினேன் என்பதை முதலில் சொல்லவேண்டும். என் அப்பாவுக்கு இப்போது 84 வயது. தவில் மேதை தெட்சணாமூர்த்தி பிறந்த ஊர் எங்களுடையது. 1975 இல் அவர் மறையும்வரை, எந்தக் கோயிலில் அவருடைய கச்சேரி என்று கேட்டுக் கேட்டுச் சைக்கிளில் போய் விடியும்வரை இருந்து கேட்டவர் அப்பா. சம்பளத்தில் மிச்சம் பிடித்து இசைத்தட்டும் வாங்கினார். முதலில் நாதஸ்வர வித்துவான் ராஜரத்தினம்பிள்ளையின் அரக்குத் தட்டுகள். நிமிடத்துக்கு 78 தரம் சுற்றுகிற அந்தத் தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடம் சொச்சம்தான் கிடைக்கும். கோயில் வீதியில் மணிக்கணக்கில் வாசிக்கிற ராகத்தை மூன்று நிமிடத்துக்குள் சுருக்கித்தான் அதில் பதிந்தார்கள். பிறகு எல்.பி. வந்தபோது ஒரு பக்கத்திலேயே இருபது நிமிடத்துக்கு மேல் கேட்க முடிந்தது. அப்பா அதை இன்றைக்கும் பெரிய அதிசயமாகத்தான் சொல்வார். அப்படி வாங்கிய எல்.பி.க்களில் ஒன்றுதான் இந்தக் காருகுறிச்சி.

1990 இல் குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றது. சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலியும் கசற்றும் கேட்டோம். தட்டுகள் மட்டும் துணியில் சுற்றியபடி ட்ரங்குப் பெட்டியில் இருந்தன. ஐந்து வருடமாக அப்பா அவற்றைத் துடைத்துத் துடைத்து வைத்தாரே தவிர ஒன்றையும் கேட்கவில்லை. 1995 ஐப்பசி இடப்பெயர்வில் எல்லாவற்றையும் விட்டுவிட்டுத் தென்மராட்சிக்கு நடந்தோம். அடுத்த வருடம் திரும்பி வந்தபோது வீட்டுக்கு ஓடும் இல்லை, ட்ரங்குப் பெட்டியும் இல்லை. மழையில் ஊறிக் காய்ந்த ஒரு வெறும் உறை மட்டும் அறை மூலையில் கிடந்தது. காருகுறிச்சியின் எல்.பி. உறை. அப்பா அதைத் தட்டி நிமிர்த்தி, ஓரங்களை ஒட்டி, இன்றுவரை அலுமாரியில் வைத்திருக்கிறார்.

உங்கள் தளத்தில் அந்தத் தட்டைக் கண்டபோது, உறையில் இருந்த இலக்கமும் நீங்கள் போட்டிருந்த இலக்கமும் ஒன்றாக இருந்தன. விளக்கத்தில் 'மிக நல்ல நிலை. இரு பக்கமும் முழுவதும் பாடவைத்துப் பரிசோதித்தது' என்று எழுதியிருந்தீர்கள். அந்தக் கடைசி வரியை நம்பித்தான் 14,000 ரூபா கொடுத்தேன். வெளிச்சத்தில் பிடித்துக் கீறல் பார்த்துவிட்டு நிலை சொல்கிறவர்கள் பலர். ஊசி வைத்துக் கடைசிவரை இருந்து கேட்டுவிட்டுச் சொல்கிறவர்கள் குறைவு. தட்டு சேர்க்கிறவர்கள் இரண்டாமவரிடம் கூடுதலாகக் காசு கொடுப்பதற்கு அதுதான் காரணம்.

பார்சல் வந்த அன்று பின்னேரம் அப்பாவை விறாந்தைக் கதிரையில் இருத்தி முதற் பக்கத்தைப் போட்டேன். நன்றாக இருந்தது. கொஞ்சம் இரைச்சல் இருந்தது, பழைய தட்டென்றால் அது இருக்கும். பக்கம் முடியும்வரை அப்பா ஒன்றும் பேசவில்லை. கதிரைக் கையில் விரல் மட்டும் தாளம் போட்டுக்கொண்டிருந்தது. பிறகு தட்டைத் திருப்பிப் போட்டேன். இரண்டாம் பக்கத்தில் ஆலாபனை தொடங்கி ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அப்பா நிமிர்ந்தார்.

"பிள்ளை, சுருதி ஆடுது."

மோட்டாரில் ஏதோ கோளாறு என்று நினைத்தேன். இன்னும் கொஞ்சம் போகட்டும் என்று விட்டேன். உள்ளே போகப் போக ஆட்டம் கூடியது. "நிப்பாட்டு பிள்ளை, கேக்கேலாது" என்றார் அப்பா. அதற்குப் பிறகு அவர் அந்தத் தட்டைத் தொடவில்லை.

பிழை என் கருவியில் இல்லை என்பதை உறுதிசெய்த பிறகுதான் உங்களுக்கு எழுதினேன். வேகம் பார்க்கும் கோட்டுத் தட்டை வைத்துப் பார்த்தேன். எங்கள் 50 ஹேர்ட்ஸ் மின்சாரத்தில், பழைய குழல் விளக்கின் கீழ், எல்.பி.யின் 33⅓ வேகத்துக்கு உரிய 180 கோடுகளும் அசையாமல் நின்றன. வேகம் சரி என்பதற்கு அதுதான் அடையாளம். அதே இரவு பிஸ்மில்லா கானின் தட்டைப் போட்டேன். ஷெனாயும் நாதஸ்வரம் போல நீண்டு நிற்கிற ஒலி. ஒரு பிசகும் இல்லை. அடுத்த நாள் கொக்குவிலில் ஒரு நண்பர் வீட்டுக் கருவியிலும் நாதஸ்வரத் தட்டைப் போட்டுப் பார்த்தேன். அங்கும் இரண்டாம் பக்கம் அதே ஆட்டம்.

காரணம் கண்ணுக்கே தெரிகிறது. தட்டின் நடுத்துளை, இரண்டாம் பக்கத்தில் ஊசி ஓடும் கோடுகளின் நடுவில் இல்லை. தட்டு அச்சடிக்கும்போது இரு பக்கத்துக்கும் இரண்டு அச்சுத் தகடுகள். ஒன்றை நேராகப் பொருத்தி மற்றதைச் சற்று விலக்கிப் பொருத்தினால் ஒரு பக்கம் சரியாகவும் மற்றப் பக்கம் கோணலாகவும் வரும். இதைச் சும்மா கையில் வைத்துப் பார்த்தால் தெரியாது. சுற்றவிட்டால் ஊசித் தண்டு பாம்புத் தலை போல இடமும் வலமும் ஆடும். அடிமட்டம் பிடித்து அளந்தேன். முழு ஆட்டம் 2 மில்லிமீற்றர். அதாவது துளை 1 மில்லிமீற்றர் விலகியிருக்கிறது.

1 மில்லிமீற்றர் தானே என்று உங்கள் அலுவலர் தொலைபேசியில் சொன்னார். அதனால் கணக்கை எழுதுகிறேன். எல்.பி.யின் வெளி ஓரத்தில் கோட்டின் ஆரை ஏறத்தாழ 146 மில்லிமீற்றர். அங்கே 1 மில்லிமீற்றர் விலகினால் சுருதி 0.7 சதவீதம் ஏறி இறங்கும். கடைசிக் கோடுகளில் ஆரை 60 மில்லிமீற்றர்தான். அங்கே 1.7 சதவீதம் ஏறி, அதே அளவு இறங்கும். மேலிருந்து கீழ்வரை பார்த்தால் 3.3 சதவீதம். எங்கள் இசையில் பிரமாண சுருதி என்று சொல்கிற சிறிய இடைவெளி 81க்கு 80, அதாவது 1.25 சதவீதம். பன்னிரண்டு சுரஸ்தானங்களில் ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடையில் ஏறத்தாழ 6 சதவீதம். ஆகவே இந்தத் தட்டின் முடிவில், ஒவ்வொரு சுற்றுக்கும், அதாவது 1.8 செக்கனுக்கு ஒரு தரம், நாதஸ்வரம் பாதி ஸ்தானத்துக்கு மேல் வழுக்கி வழுக்கித் திரும்புகிறது. பியானோ, மேளம் என்று விட்டு விட்டு ஒலிக்கிற இசையில் இது ஓரளவு ஒளிந்துகொள்ளும். ஒத்துப் பிடித்து நிற்கிற நாதஸ்வரத்தில் ஒளிய இடமே இல்லை. அந்தக் கலைஞர் கமகத்தில் வைத்த அசைவு எது, தட்டு தானாகச் செய்கிற அசைவு எது என்று பிரிக்க முடியாமல் போகிறது. எனக்கு இதுதான் தாங்கவில்லை. கீறல் இருந்தால் 'டிக், டிக்' என்று கேட்கும், அதற்குப் பின்னால் வாசிப்பு முழுதாக இருக்கும். இங்கே வாசிப்பே வேறாகிவிட்டது.

உங்கள் முதல் மின்னஞ்சலில் 'பழைய இசைத்தட்டுகளில் சிறிய ஒலி மாற்றம் இயல்பானது' என்று எழுதியிருந்தீர்கள். இரண்டாவதில், பிரித்த பொதியைத் திருப்பி எடுப்பதில்லை என்றீர்கள். பிரிக்காமல் எப்படி ஊசி வைப்பது? தொலைபேசியில் கதைத்தவர், இதையெல்லாம் எத்தனை பேர் கவனிப்பார்கள் என்று கேட்டார். அவர் மரியாதையாகத்தான் கதைத்தார், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கேள்விக்குப் பதில் நீங்கள் எனக்கு விற்ற இன்னொரு தட்டிலேயே இருக்கிறது. 'கைண்ட் ஒஃப் புளூ' 1959 இல் பதிவானபோது முதல் அமர்வில், பதிவுக்கு வைத்த இரண்டு ஒலிநாடாக் கருவிகளில் ஒன்று சற்று மெதுவாக ஓடியிருந்தது. மெதுவாகப் பதிந்த அந்த நாடாவைச் சரியான வேகத்தில் ஓட்டித் தட்டு செய்ததால், முதற் பக்கம் உரிய வேகத்தைவிடக் கொஞ்சம் விரைவாகவும் சுருதி கொஞ்சம் ஏறியும் வெளிவந்தது. அதோடு சேர்த்து வாசித்துப் பழகிய கலைஞர்களுக்கு அது இடறியது. 1992 இல், சரியான வேகத்தில் ஓடிய மற்ற நாடாவிலிருந்து எடுத்துத் திருத்தினார்கள். முப்பது வருடத்துக்கு மேலாகியும் திருத்தினார்கள். அங்கே சுருதி ஏறியிருந்தாலும் ஒரே நிலையில் நின்றது. எனக்கு வந்த தட்டில் அது நிற்கவே இல்லை.

இன்னொன்றும் கண்டேன். உங்கள் தளத்தில் உள்ள படத்தில் தட்டின் நடுத்தாளில் யாரோ பேனாவால் போட்ட சிறிய அடையாளம் ஒன்று இருக்கிறது. எனக்கு வந்த தட்டில் அது இல்லை. பாட்டு முடிந்து கோடு இல்லாமல் வெறுமையாக இருக்கும் உள்வளையத்தில் பொறித்த எழுத்துகளையும் படத்தைப் பெருப்பித்து ஒப்பிட்டேன். கடைசி எழுத்து வேறு. அச்சுத் தகடு வேறு என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டியதில்லை. ஆகவே நீங்கள் படம் பிடித்தது ஒரு தட்டு, எனக்கு அனுப்பியது இன்னொன்று. படத்தில் உள்ளதை யாராவது கேட்டுப் பார்த்திருக்கலாம். எனக்கு அனுப்பியதன் இரண்டாம் பக்கத்தை உங்கள் கடையில் ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அனுப்பியிருக்க மாட்டீர்கள் என்றுதான் நான் இன்னும் நம்புகிறேன்.

சரி, மற்றத் தட்டுகள். மைல்ஸ் டேவிஸ் தட்டை உறைக்குள் வைத்தபடியே அனுப்பியதால், வழியில் குலுங்கி, உறையின் கீழ்ப் பொருத்து ஒரு சாண் நீளத்துக்குப் பிளந்திருக்கிறது. தட்டை வெளியே எடுத்து உள்ளுறையோடு பக்கத்தில் வைத்திருந்தால் இது நடந்திராது. 45 இரண்டையும் மட்டை வைக்காமல் ஒரே பையில் போட்டிருந்தீர்கள். சித்திரை வெயிலில் 400 கிலோமீற்றர் ஏ9 வழியாக வரும் வாகனத்துக்குள் வைனில் இளகும், மேலே பாரம் இருந்தால் வளையும். மூன்ஸ்டோன்ஸ் தட்டு சாசர் போல வளைந்து வந்தது. நல்லவேளை, ஊசி பாயாமல் ஓடுகிறது. சின்ன வயதில் கொழும்பு வானொலியில் சொல் விளங்காமலே கேட்டுப் பிடித்துப்போன குரல்கள் அவை, அதனால் அதை வைத்துக்கொள்கிறேன். பொப்பிசைத் தட்டு நன்று. பிஸ்மில்லா கான் மிக நன்று, அதற்கு உங்களுக்கு மனமார நன்றி சொல்ல வேண்டும். அப்பா அதை மூன்று தரம் கேட்டுவிட்டார்.

நான் கேட்பது இவைதான். நாதஸ்வரத் தட்டைத் திருப்பி எடுத்து, 14,000 ரூபாவையும் திருப்பி அனுப்பும் கூரியர் செலவையும் தாருங்கள். பிளந்த உறைக்கு ஒரு நியாயமான தொகையை நீங்களே சொல்லுங்கள், நான் பேரம் பேசமாட்டேன். ஒருவரும் கேட்காத தட்டுக்குப் 'பாடவைத்துப் பரிசோதித்தது' என்று இனி எழுதாதீர்கள், 'பார்வைக்கு நல்ல நிலை' என்று மட்டும் எழுதுங்கள். இதைத் தெரிந்தே வாங்குகிறவர்கள் வாங்கட்டும். இந்தக் கடிதம் கிடைத்து 14 நாட்களுக்குள் பதில் வராவிட்டால், 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டத்தின்படி அமைந்த நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையிடம் முறையிடுவேன். ஊசித் தண்டு ஆடுவதைக் காட்டும் காணொளியும் அளவுகளும் என்னிடம் இருக்கின்றன.

அப்படி முறையிடாமலே இது முடியவேண்டும் என்பதுதான் என் விருப்பம். பேனா அடையாளம் உள்ள அந்த மற்றத் தட்டு உங்கள் கடையில் இன்னும் இருந்தால், யாராவது ஒருவர் அதன் இரண்டாம் பக்கத்தைக் கடைசிக் கோடுவரை இருந்து கேட்கட்டும். சுருதி நிற்கிறது என்றால், காசு வேண்டாம், அதையே அனுப்புங்கள். உள்ளுறையில் போட்டு, இரு பக்கமும் தடித்த மட்டை வைத்துக் கட்டினால் போதும். வெளியுறை கிழிந்திருந்தாலும் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. உறை எங்களிடம் இருக்கிறது.

இங்ஙனம்,
தங்கள் வாடிக்கையாளர்,
இணுவில்.