அது ஸ்ட்ரைக் இல்லீங்க, கதவடைப்பு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

போன வாரம் விளையாட்டுப் பக்கத்துல அமெரிக்க லீக்குகளோட சம்பளத் தகராறு பத்தி கட்டுரை போட்டிருந்தீங்க, நல்ல விஷயம், ஆனா அதுல 2004-05 ஐஸ் ஹாக்கி சீசன் "வீரர்களின் வேலைநிறுத்தத்தால்" ரத்தாச்சுன்னு எழுதியிருந்ததைப் பாத்து மனசு கேக்கல, அதான் எழுதுறேன். வீரர்கள் ஸ்ட்ரைக்கே பண்ணலங்க. டீம் ஓனர்ங்கதான் கேட்டை இழுத்துப் பூட்டினாங்க. மில்லுல நடந்தா கதவடைப்புன்னு சரியா எழுதுறீங்க, விளையாட்டுன்னு வந்ததும் பழி ஏன் வேலை செய்யறவன் பக்கம் போகுது?

அந்த ஹாக்கி விஷயத்துல ஓனர்ங்க கேட்டது சம்பள வரம்பு, சேலரி கேப்னு சொல்வாங்களே அது. ஒரு டீம் மொத்தமா இவ்வளவுதான் சம்பளம் கொடுக்கலாம்னு மேல ஒரு கோடு. யூனியன் ஒத்துக்கல, 1,230 மேட்ச் போச்சு, சீசனே போச்சு, கடைசியில வீரர்கள் 39 மில்லியன் டாலர் வரம்புக்கும் தலையாட்டி, ஏற்கனவே கையெழுத்தான சம்பளத்துலயும் 24 சதவீதம் வெட்டு வாங்கிட்டுத்தான் திரும்ப வந்தாங்க. இதை ஸ்ட்ரைக்னு எழுதினா ஜெயிச்சது யாருன்னே படிக்கறவங்களுக்குப் புரியாது.

நான் யூனியன்ல பல வருஷம் இருந்தவன், ஒரு நாள் காலைல ஷிப்டுக்குப் போய் பூட்டின கேட்டுல ஒட்டியிருந்த நோட்டீஸை நின்னு படிச்சிருக்கேன். அதனாலயோ என்னவோ 2021 டிசம்பர் 2ஆம் தேதி பேஸ்பால்ல நடந்தது அப்படியே மனசுல நிக்குது. ஓனர்ங்க கதவடைச்ச உடனே லீக்கோட வெப்சைட்ல வீரர்களோட முகமெல்லாம் காணோம், போட்டோ இருந்த இடத்துல வெறும் நிழல் உருவம். காயத்துக்கு சிகிச்சை எடுத்துட்டு இருந்தவங்க கூட டீம் மைதானத்துக்குள்ள போக முடியல, டீம் டாக்டர்கிட்ட பேச முடியல. 99 நாள் இப்படி.

1994 பேஸ்பால் நிஜமாவே ஸ்ட்ரைக்தான், மறுக்கல. அங்கயும் ஓனர்ங்க சம்பள வரம்பு கொண்டுவரப் பாத்ததுதான் ஆரம்பம். வீரர்கள் ஆகஸ்ட்ல ஏன் இறங்கினாங்கன்னா அதுக்குள்ள வீரர்களுக்கு சீசன் சம்பளத்துல பெரும்பகுதி வந்திருக்கும், ஓனர்களுக்குப் பெரிய டிவி பணம் அக்டோபர்ல நடக்குற இறுதிக் கட்ட ஆட்டங்கள்லதான், அடிக்கணும்னா அப்பதான் அடிக்க முடியும். 232 நாள் ஓடுச்சு, ரெண்டு உலகப் போர்லயும் நிக்காத வேர்ல்டு சீரிஸ்ங்கிற சாம்பியன்ஷிப் தொடர் அந்த வருஷம் நின்னுச்சு.

கதவடைப்புக்கு ஓனர்ங்க எவ்வளவு முன்கூட்டியே தயாராவாங்கன்னு பாக்கணும்னா 2011 அமெரிக்க ஃபுட்பால் லீக்கைப் பாருங்க. மேட்ச் நடக்கலன்னாலும் சுமார் 4 பில்லியன் டாலர் டிவி பணம் வர்ற மாதிரி முதல்லயே ஒப்பந்தம் போட்டு வெச்சிருந்தாங்க, அது வீரர்களோட போட்ட ஒப்பந்தத்தை மீறினதுன்னு கோர்ட்டே சொல்லுச்சு. வருஷக் கணக்குல பொறுத்திருக்க ஓனரால முடியும், ஆட்டக்காரனோட உடம்பு பொறுத்திருக்குமா?

"அவனும் கோடீஸ்வரன் இவனும் கோடீஸ்வரன், நமக்கென்ன"ன்னு கட்டுரையை முடிச்சிருந்தீங்க. பேஸ்பால் வீரர் கர்ட் ஃப்ளட் கதையை ஒரு தடவை படிங்க. 12 சீசன் ஒரே டீமுக்கு ஆடின மனுஷன், 1969ல அவரைக் கேக்காமலே வேற டீமுக்கு மாத்திட்டாங்க, ஏன்னா அப்போ இருந்த விதிப்படி ஒப்பந்தம் முடிஞ்சாலும் வீரர் அந்த டீமுக்கே சொந்தம். வருஷம் 90,000 டாலர் வாங்கிட்டு இருந்தவரு, நான் வாங்கி விக்கிற பொருள் இல்லன்னு பேஸ்பாலை நடத்துற தலைவரான கமிஷனருக்கு லெட்டர் எழுதிட்டு கேஸ் போட்டாரு. 1972ல அமெரிக்க சுப்ரீம் கோர்ட்ல 5-3ன்னு தோத்தாரு, ஆட்ட வாழ்க்கையும் அதோட போச்சு. 1975ல வேற ரெண்டு பவுலர்கள் கேஸ்ல அந்தப் பழைய விதி உடைஞ்சப்போ அதோட பலன் ஒண்ணும் அவருக்குக் கிடைக்கல.

இப்போ இருக்குற பேஸ்பால் ஒப்பந்தம் 2026 டிசம்பர் 1ஆம் தேதியோட முடியுது. அன்னைக்கு கேட் பூட்டினாங்கன்னா, யார் பூட்டினாங்கன்னு தலைப்புலயே போடுங்க.

இப்படிக்கு,
உங்கள் நீண்ட நாள் வாசகர்