பால்மா டின்னில் எழுதியிருப்பதை எங்களுக்கு யார் சொல்வது?

திருகோணமலை மாவட்டத்தின் சுகாதார வைத்திய அதிகாரிகளுக்கும் குடும்ப நல உத்தியோகத்தர்களுக்கும்,

வணக்கம். ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும் என்று நீங்கள் விடாமல் சொல்வதில் எங்களுக்கு ஒரு குறையும் இல்லை. பால் போதாமலோ, குடிக்கிற மருந்தாலோ, வேறு வழியில்லாமல் பால்மாவுக்குப் போன தாய் ஒருத்தி வந்து கேட்கும்போது நீங்கள் வாயை மூடிக்கொள்வதுதான் குறை.

என் தங்கச்சிக்கு அதுதான் நடந்தது. பாமசியில் இரண்டு டின்னை எடுத்து வைத்து, விலை கூடினதைத் தட்டிக் காட்டி, "இதில புரோபயோட்டிக் இருக்கு அக்கா, பிள்ளையின்ர வயித்துக்கு நல்லம்" என்றான் பெடியன். அவள் கிளினிக்கில் கேட்டாள். தாய்ப்பால்தான் நல்லது என்று பதில் வந்தது. அது அவளுக்குத் தெரியாதா? அழுதுகொண்டு வந்தாள், விலை கூடின டின்னையே வாங்கினாள்.

அவளுக்கு நான் வாசித்துச் சொன்னதை நீங்கள் சொல்லியிருக்கலாம். தாய்ப்பாலில் ஒலிகோசாக்கரைட் என்ற சீனி வகைகள் 150க்கும் மேல், லீற்றருக்கு 5 முதல் 15 கிராம் வரை இருக்கின்றன, ஆனால் குழந்தைக்கு அவை செரிக்காது. குடலில் இருக்கிற பிஃபிடோபக்டீரியா என்ற நல்ல பக்டீரியாவுக்குத்தான் அந்தச் சாப்பாடு. (1899இலேயே பாரிஸில் ஹென்றி திசியே தாய்ப்பால் குடிக்கிற குழந்தையின் மலத்தில் இந்தப் பக்டீரியாவைக் கண்டுபிடித்துவிட்டார்.) அது அந்தச் சீனியைத் தின்று அமிலம் விடும், குடல் புளிக்கும், கெட்ட கிருமிகளுக்கு அங்கே பாடு கஷ்டம். டின்னில் பிரீபயோட்டிக் என்று போட்டிருப்பது இந்தச் சீனிக்குப் பதிலாகச் சேர்க்கிற ஒன்றிரண்டு வகை. பெரும்பாலும் லக்டோஸிலிருந்து எடுக்கிற கலக்டோ-ஒலிகோசாக்கரைட், சில விலை கூடின டின்களில் தாய்ப்பாலில் உள்ள ஒரு வகையையே தொழிற்சாலையில் செய்து போடுகிறார்கள். புரோபயோட்டிக் என்றால் உயிருள்ள பக்டீரியாவே.

பிரயோசனம் இல்லையா என்றால், இருக்கிறது. பிரீபயோட்டிக் சேர்த்த பால்மா குடிக்கிற பிள்ளைக்கு மலம் இளகலாகப் போகும், பிஃபிடோபக்டீரியாவும் கூடும். ஆனால் எல்லாப் பிள்ளைக்கும் வழமையாகக் கொடுக்கச் சொல்லும் அளவுக்கு ஆதாரம் போதாது என்றுதான் ஐரோப்பிய குழந்தைகள் குடல்நோய் வைத்தியர் சங்கம் 2011இல் சொன்னது. குறைமாதப் பிள்ளை என்றால் கவனம் இன்னும் கூட வேண்டும்: புரோபயோட்டிக் கொடுத்த குறைமாதக் குழந்தை ஒன்று அதே பக்டீரியா இரத்தத்தில் கலந்து இறந்த பிறகு, 2023இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் வைத்தியசாலைகளை எச்சரித்தது. இதைப் பாமசிப் பெடியன் சொல்லமாட்டான்.

அடுத்தது தண்ணீர். பால்மாத்தூள் கிருமியில்லாத பொருள் இல்லை, அதனால் 70 பாகைக்குக் குறையாத சூட்டில் கரைத்து, ஆறவைத்து, இரண்டு மணித்தியாலத்துக்குள் கொடுத்து முடிக்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். அந்தச் சூட்டில் புரோபயோட்டிக் பக்டீரியாவும் செத்துப்போகும். அதைக் காப்பாற்ற, சில டின்களில் வெதுவெதுப்பான தண்ணீர் போதும் என்று எழுதியிருக்கிறது. காசு கொடுத்த பக்டீரியாவைக் காப்பாற்றுவதா, தூளில் இருக்கக்கூடிய குரோனோபக்டர் என்ற ஆபத்தான கிருமியைக் கொல்லுவதா? சின்னப் பிள்ளைக்கு நான் சூட்டையே எடுப்பேன். ஆனால் இந்த முடிவைத் தாய் அடுப்படியில் தனியாக நின்று எடுக்கவேண்டிய நிலைமைதான் பிழை.

பால்மா விளம்பரத்தைத் தடுக்கிற சட்டத்துக்குப் பயந்து பேசாமல் இருக்கிறீர்கள் என்று சிலர் சொல்கிறார்கள். தாய்ப்பாலுக்குப் பதிலாக விற்கிற பால்மாக்களின் விற்பனை, விளம்பரம் பற்றிய 1981ஆம் ஆண்டின் சர்வதேச விதிக்கோவையை எடுத்துப் பாருங்கள். பால்மா கொடுக்கவேண்டி வந்த தாய்க்கும் வீட்டாருக்கும் கரைக்கும் முறையைச் சுகாதார ஊழியர்தான் காட்டவேண்டும், பிழையாகப் பாவித்தால் வரும் ஆபத்தையும் விளக்கவேண்டும் என்று அதிலேயே இருக்கிறது. தடை விளம்பரத்துக்குத்தான், நீங்கள் விளக்கம் சொல்வதற்கு இல்லை.

ஆகவே கேட்பது இதுதான். மூதூர், கிண்ணியா, குச்சவெளி, டவுண் என்று எல்லாக் கிளினிக்கிலும், தேவைப்படுகிற தாய்மாரை மட்டும் ஒரு பக்கமாகக் கூப்பிட்டு, பிராண்ட் பெயர் சொல்லாமல், டின்னைத் திருப்பி வாசிக்கவும் தண்ணீரை அளக்கவும் காட்டுங்கள். முடிந்தால் அம்மம்மாமாரையும் வரச்சொல்லுங்கள், இராத்திரியில் பல வீடுகளில் போத்தல் கரைப்பது அவர்கள்தான்.

இப்படிக்கு,
உவர்மலையிலிருந்து ஒரு பெரியம்மா