டைசன் கிட்டுக்கு அடிபட்டது

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு விளையாட்டுப் பக்கத்தில் ரெஸ்லிங் பற்றி வந்த கட்டுரையில், ‘எல்லாம் பொய்ச் சண்டை, யாருக்கும் அடிபடாது’ என்று ஒரு வரி இருந்தது. யார் ஜெயிப்பது என்று முன்னமே பேசிவைத்துக்கொண்டுதான் இறங்குகிறார்கள், அதை நான் மறுக்கவில்லை. ‘அடிபடாது’ என்பதைத்தான் என்னால் படித்துவிட்டுப் போக முடியவில்லை.

நான் பருப்பு மண்டியில் இருபத்திரண்டு வருடம் லோடுமேனாக இருந்தவன். 2016-ல் லாரியிலிருந்து பலகை வழியாகத் துவரை மூட்டையோடு இறங்கும்போது கால் வழுக்கிவிட்டது. கழுத்து எலும்பில் விரிசல், ஆபரேஷன், உள்ளே பிளேட். மூன்று மாதம் கழுத்துப் பட்டையோடு மோட்டு வளையைப் பார்த்துக் கிடந்தேன். அப்போது என் மகன் செல்போனை முகத்துக்கு நேரே பிடித்து, “இவருக்கும் கழுத்துதாம்ப்பா” என்று காட்டிய ரெஸ்லிங் வீரர்தான் டைசன் கிட்.

கனடாவின் கால்கரி ஊர்க்காரர். சொந்தப் பெயர் டி.ஜே. வில்சன். அந்த ஊரில் ஸ்டூ ஹார்ட் என்ற பெரியவர் தன் வீட்டு நிலவறையிலேயே மல்யுத்தம் சொல்லிக்கொடுத்தார். பெயர் பெற்ற பலர் அங்கே உருண்டு புரண்டவர்கள். அந்த நிலவறையில் கடைசியாகத் தேறியவர் என்று இவரைத்தான் சொல்கிறார்கள். ஸ்டூ ஹார்ட்டின் பேரன் டேவிட் ஹார்ட் ஸ்மித்தோடு ஜோடி சேர்ந்து, 2010 ஏப்ரல் 26-ல் பிக் ஷோ, மிஸ் ஜோடியை வென்று டேக் டீம் பட்டம், அதாவது ஜோடி ஆட்டத்துக்கான பட்டம், வாங்கினார். 2015 பிப்ரவரியில் சுவிட்சர்லாந்துக்காரர் சிசாரோவோடு சேர்ந்து, மெம்பிஸில் உசோஸ் சகோதரர்களிடமிருந்து மறுபடியும் வாங்கினார். அந்தப் பட்டம் கைவிட்டுப் போன நாளும் ஏப்ரல் 26-தான்.

டேக் டீம் ஆட்டத்தில் ஒருவர் உள்ளே, ஜோடிக்காரர் வெளியே. வெளியே நிற்பவர் மூலையில் கட்டிய சின்னக் கயிற்றைப் பிடித்தபடி கையை நீட்டிக்கொண்டு நிற்க வேண்டும். உள்ளே இருப்பவர் வந்து கையைத் தொட்டால்தான் அவர் இறங்கலாம். நான் பார்த்த ஆட்டங்களில் பாதி நேரம் அடி வாங்கித் தரையில் ஊர்ந்து வந்தவர் டைசன் கிட்தான். கை பட்டதும் கூட்டம் எழுந்து கத்தும். அந்தக் கத்தல் உள்ளே பாயும் சிசாரோவுக்கு. மண்டியில் மூட்டையைத் தூக்கி அடுத்தவன் முதுகில் ஏற்றிவிடும் ஆள் ஒருவன் இருப்பான். அந்த வேலையைச் செய்தவனுக்குத்தான் இவர் அருமை தெரியும்.

2015 ஜூன் 1-ல், தொலைக்காட்சியில் காட்டாத ஓர் ஆட்டம். இவரோடு மோதிய சமோவா ஜோ, எதிராளியைத் தலைகீழாகத் தோளில் தூக்கிக்கொண்டு பின்பக்கம் விழும் பிடியைப் போட்டார். எத்தனையோ பேர் வாங்கி எழுந்த பிடி அது. அன்றைக்கு டைசன் கிட்டின் கழுத்து சரியாக இறங்கவில்லை. இப்படி அடிபட்டவர்களில் நூற்றுக்கு ஐந்து பேர்தான் பிழைப்பார்கள், பிழைத்தாலும் பெரும்பாலும் கை கால் விளங்காது என்று அவரே பிறகு எழுதினார். பதினாறு ஸ்டேப்பிள், நான்கு ஸ்க்ரூ, ஒரு கம்பி. வயது 34. ஜோ மேல் அவர் பழி போடவில்லை. பேசிவைத்த சண்டையில் நடந்ததுதான் ஐயா இதெல்லாம்.

மறுபடி அவரால் சண்டை போட முடியவில்லை. 2017-லிருந்து, தான் சண்டை போட்ட WWE என்ற ரெஸ்லிங் நிறுவனத்திலேயே தயாரிப்பாளர். மற்றவர்கள் ஆட்டத்தை, முக்கியமாகப் பெண்களின் ஆட்டத்தை, எங்கே விழுவது, எப்போது எழுவது என்று கூட இருந்து அமைத்துக் கொடுக்கிறார். மனைவி நட்டாலியாவும் மல்யுத்த வீராங்கனை, ஸ்டூ ஹார்ட்டின் பேத்தி. நானும் இப்போது மூட்டை தூக்குவதில்லை, எடை மேடையில் கணக்கு எழுதுகிறேன். புதுப் பையன்கள் பலகையில் இறங்கும்போது, “குதிகாலை ஊன்றாதே” என்று நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

அந்த வரியைத் திருத்துங்கள். இடம் இருந்தால் இவரைப் பற்றி அரைப் பக்கமாவது போடுங்கள். பெல்ட்டைத் தோளில் போட்டு நிற்கும் படம் எல்லோரிடமும் இருக்கும், அது வேண்டாம். எதிராளியின் இரண்டு காலையும் பிடித்துச் சிசாரோ சுழற்ற, இவர் ஓடிவந்து முகத்தில் உதைக்கும் படம் கிடைத்தால் அதைப் போடுங்கள்.

இப்படிக்கு,
மண்டித் தொழிலாளி,
விருதுநகர்.